முதலில் நிழல், கடைசியில் சோலார்

அத்தியாயம் 4: வளாகக் கட்டடத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வரிசை

ஒரு கல்லூரியின் புது பிளாக்கைப் பார்க்க மார்ச் மாதத்தில் ஒரு நாள் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மூன்றாம் மாடி, மேற்கு ஓரத்து வகுப்பறை, மதியம் மூன்றரை மணி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். போன வருடத்துப் பொங்கல் துணிக்கடை விளம்பரங்கள் வெயிலில் மஞ்சளாகி, ஓரங்கள் முறுகிப்போயிருந்தன. வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியை அடைத்துவிட்டதால் எட்டு டியூப் லைட்டும் எரிந்தன. இரண்டு ஏசி ஓடின. ரிமோட்டில் 18 என்று காட்டியது. கூட வந்த வாட்ச்மேன் சொன்னார்: “மூணு மணிக்கு மேல இந்த ரூம்ல ஒக்கார முடியாது சார். ஏசி போட்டாலும் கண்ணாடிகிட்ட அனல் அடிக்கும்.”

பிறகு மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்ப் பெருமையோடு காட்டினார். வரிசை வரிசையாகச் சோலார் பேனல்கள்.

அதே வளாகத்தில் ஐம்பது வருடத்துப் பழைய பிளாக் ஒன்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் வராந்தா, உயரமான கூரை, கூரையை ஒட்டி வெண்டிலேட்டர். அங்கேயும் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மின்விசிறிகள் சுற்றின; ஒரு லைட்டும் எரியவில்லை. யாரும் வியர்த்து விறுவிறுத்துப்போய் இல்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது இவ்வளவுதான். வளாகக் கட்டடத்தின் மின்கட்டணம் பெரும்பகுதி வரைபடத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. திசை, நிழல், கூரை, காற்று, வெளிச்சம் ஆகியவை முதலில். இயந்திரம் அதற்குப் பிறகு. சோலார் எல்லாவற்றுக்கும் கடைசியில். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறோம். செய்தித்தாள் ஒட்டுவதில் போய் முடிகிறது. இங்கே தரும் கணக்குகள் தமிழ்நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் உரியவை. டெல்லிக்கோ ஐரோப்பாவுக்கோ எழுதிய கையேட்டை அப்படியே எடுத்தால் எங்கே சறுக்கும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. முதலில் ஒரு கணக்கு

புதிய கட்டடம் திட்டமிடும் முன், இருக்கும் கட்டடம் எவ்வளவு தின்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசி 12 மாத ஈ.பி. பில்களில் உள்ள யூனிட்டுகளைக் கூட்டுங்கள். ஜெனரேட்டரில் எடுத்ததையும் சோலாரில் எடுத்துப் பயன்படுத்தியதையும் சேருங்கள். கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பால், அதாவது சதுர மீட்டரால், வகுங்கள். 5,000 சதுர மீட்டர் கட்டடம் வருடத்துக்கு 2,50,000 யூனிட் எடுத்தால் விடை 50. இந்த எண்தான் உங்கள் கட்டடத்தின் மைலேஜ். புதிய பிளாக்கின் ஆர்க்கிடெக்ட்டிடம் வைக்க வேண்டிய முதல் நிபந்தனையும் இதுதான்: “பழையதைவிட இந்த எண் குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்று எழுதிக் கொடுங்கள்.”

வளாகம் முழுமைக்கும் ஒரே மீட்டர் இருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது. பிளாக்குக்கு ஒரு சப்-மீட்டர், பெரிய பிளாக் என்றால் மாடிக்கு ஒன்று என்று வையுங்கள். கட்டடச் செலவோடு பார்க்கும்போது அது சில்லறை.

100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கென்று மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புக் கட்டடக் கோவை 2007-இல் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. ஏசி பிளாக் ஒன்று, கணினி லேப் இரண்டு என்று வைத்தாலே பல கல்லூரிகள் அந்த 100 கிலோவாட்டைத் தாண்டிவிடும். கோவை என்ன சொல்கிறது என்று உங்கள் ஆர்க்கிடெக்ட்டுக்குத் தெரியுமா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

2. திசை: பணம் கேட்காத சேமிப்பு

கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். குறுகிய சுவர்கள் மட்டும் கிழக்கு, மேற்கு வெயிலை வாங்கட்டும். இதற்குக் கூடுதலாக ஒரு மூட்டை சிமெண்ட்கூடச் செலவில்லை.

காரணம் எளிது. உச்சி வெயில் உயரத்திலிருந்து விழுகிறது. தெற்குச் சன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடு இருந்தால் நின்றுவிடும். காலை, மாலை வெயில் தாழ்வாக, நேராக முகத்தில் அடிக்கிறது. அதைச் சன்ஷேடால் தடுக்க முடியாது.

மனையின் அமைப்பால் கட்டடம் மேற்கு பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றால் மேற்கு ஓரத்தை வகுப்பறைக்குக் கொடுக்காதீர்கள். மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை, ஸ்டோர் ரூம், மின்பலகை அறை ஆகியவற்றை அங்கே கொண்டுபோய் வையுங்கள். மனிதர்கள் மணிக்கணக்கில் உட்காராத இடங்கள் வெயிலைத் தாங்கிக்கொள்ளட்டும்.

வடநாட்டுப் பாடப்புத்தகங்களும் வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களும் “வடக்குச் சுவரில் வெயிலே படாது” என்று சொல்லும். நம் ஊரில் அது உண்மை இல்லை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கிறது. மதுரைக்கு, கன்னியாகுமரிக்கு இந்தக் காலம் இன்னும் நீளம். அதாவது சரியாகக் கத்திரி வெயில் காலத்தில் வடக்குச் சன்னலுக்கும் நிழல் வேண்டும். உச்சி வெயிலுக்குச் சின்னச் சன்ஷேடு போதும். ஆனால் காலையும் மாலையும் வெயில் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்வாக வரும். அதற்குச் சன்னலின் இரண்டு பக்கமும் நிற்கும் செங்குத்தான தடுப்புப் பலகைகள் தேவை. தளத்தில் இவற்றை ‘ஃபின்’ என்பார்கள்.

3. நிழல்: கண்ணாடிக்கு வெளியே

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் தாண்டிவிட்டால் வெப்பம் உள்ளே வந்துவிட்டது. பிறகு திரைச்சீலை போட்டுப் பயன் குறைவு. உள்ளே ஒட்டிய செய்தித்தாளும் அப்படித்தான். கண்ணுக்குக் கூச்சம் குறையும், அனல் குறையாது.

மேற்குப் பார்த்த சாதாரணக் கண்ணாடி 10 சதுர மீட்டர் இருந்தால், மார்ச், ஏப்ரல் மாதங்களின் மாலை வெயிலில் அதன் வழியாக நான்கு முதல் ஐந்து கிலோவாட் வெப்பம் உள்ளே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் 3.5 கிலோவாட். ஆக, அந்த ஒரு கண்ணாடிக்காகவே ஒரு டன்னுக்கு மேல் ஏசி ஓட வேண்டும். அறையில் உள்ள பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு.

சன்ஷேடின் நீளத்தை எப்படி முடிவு செய்வது? பெரும்பாலான தளங்களில் மேஸ்திரி வழக்கப்படி இரண்டடி போடுவார். கணக்குப்படி பார்ப்போம்.

தெற்குச் சன்னல், நான்கடி உயரம்: டிசம்பர் நண்பகலில் சென்னையில் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். முழுச் சன்னலும் நிழலில் இருக்க மூன்றடி சன்ஷேடு வேண்டும். மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டடியே தாராளம்.

மேற்குச் சன்னல், அதே நான்கடி உயரம்: மார்ச் மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் சுமார் 29 டிகிரிக்கு இறங்கிவிடும். சன்ஷேடால் மட்டும் தடுப்பதென்றால் ஏழடி நீட்ட வேண்டும். ஏழடிக்குச் சன்ஷேடு போடுவதற்குப் பதில் வராந்தாவே கட்டிவிடலாம். நம் பழைய கல்லூரிகளைக் கட்டியவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

வராந்தாவுக்கு இடமோ பணமோ இல்லையென்றால் ஜாலி. செங்கல்லில் இடைவெளி விட்டுக் கட்டும் ஜாலிச் சுவரை ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கேரளத்தில் எத்தனையோ விதமாகக் கட்டிக் காட்டினார். 1970-களில் திருவனந்தபுரத்தில் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டடக் குழுவினர் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். வெளிச்சமும் காற்றும் செங்கல்லின் இடுக்கு வழியாக வருகின்றன. வெயில் துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது. அங்கே ஏசி தேவைப்பட்ட கணினி மையத்துக்கும் பேக்கர் இரட்டைச் சுவர் வைத்தார். வெளிச் சுவர் வெயிலை வாங்கிக்கொள்ளும். ஏசி அறையின் சுவர் அதற்குப் பின்னால் நிழலில் இருக்கும். ஏசி போடப்போகிறோம், நிழல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

மூன்றாவது வழி மரம். மேற்கில் புங்கன், வேம்பு, பூவரசு போன்றவற்றைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நடுங்கள். பூவுக்காகக் குல்மோகரை வரிசையாக நடாதீர்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் இப்படி வெளியிலிருந்து வந்த வகைகள் ஏராளம். மரம் வளர வருடங்கள் ஆகும் என்பதால், அஸ்திவாரம் தோண்டும் அன்றே மேற்கு வரிசைக்குக் கன்று வைத்துவிடுங்கள். கட்டுமான லாரி ஏறாதபடி வேலி போடுங்கள்.

கண்ணாடி எவ்வளவு? வெளிச்சுவரின் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் சன்னல் வேண்டாம் என்பது முதல் பகுதியில் சொன்ன எரிசக்திக் கோவையின் எளிய வழிமுறையில் உள்ள வரம்பு. வகுப்பறைக் கட்டடத்துக்கு நான் 25 முதல் 30 சதவீதமே போதும் என்பேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி மாட்டினால் பிராஸ்பெக்டஸ் அட்டையில் நன்றாக இருக்கும். அட்டைப் படத்துக்கு மாதா மாதம் ஈ.பி. பில் கட்ட வேண்டியிருக்கும்.

4. கூரை: மேல்மாடியின் எதிரி

நம் அட்சரேகையில் நாள் முழுக்க அதிக வெயில் வாங்குவது சுவரைவிட மொட்டை மாடிதான். மே மாதம் நடுப்பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை ஒட்டிப் போகும். செருப்பில்லாமல் நின்றால் தெரியும். அந்தச் சூடு மெல்ல இறங்கி, மாலை நான்கு ஐந்து மணிக்கு மேல்மாடி வகுப்பறையின் உட்கூரையில் வந்து நிற்கும். ஹாஸ்டல் என்றால் இரவு பத்து மணிக்கும் கூரை அனல் கக்கும். மேல்மாடிப் பிள்ளைகள் தரையில் தண்ணீர் ஊற்றிப் படுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்குச் செய்ய வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பானாலும் சரி, அதற்கென்று விற்கும் வெயில் எதிரொளிப்புப் பூச்சானாலும் சரி, மேற்பரப்பின் சூட்டைப் பத்து டிகிரிக்கு மேல் இறக்கும். ஆனால் தூசி படிந்தால் வேலை செய்யாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தை மாதத்தில் கழுவி, தேவையென்றால் மறுபூச்சு அடிப்பதைப் பராமரிப்புப் பட்டியலில் எழுதி வையுங்கள்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிக்கும் நம் ஊர் வெதரிங் கோர்ஸ். அவசரத்தில் இதைத் தவிர்த்துவிட்டு வெறும் வாட்டர்ப்ரூஃபிங் பூசி முடிப்பது இப்போது பரவியிருக்கிறது. தண்ணீர் ஒழுகாது; வெப்பம் ஒழுகும். தட்டோடுக்குப் பதில் வெள்ளை டைல்ஸ் பதித்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

ஏசி அறைக்கு மேலான தளம் என்றால் ஸ்லாபுக்கு மேல் வெப்பத்தடுப்புப் பலகை வைத்து, அதன்மேல் வெதரிங் கோர்ஸ்.

கடைசியாக, கூரைக்கு மேல் ஒரு கூரை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டேயில் இதைப் பார்க்கலாம். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகஷிமா தளத்தில் நின்று வேலை பார்த்து, 1930-களின் இறுதியில் தொடங்கிய கட்டடம் அது. கான்கிரீட் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளைத் தூக்கி வைத்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் ஓட்டின் மேலேயே நின்றுவிடுகிறது. இன்றைக்கு இதே வேலையைச் சோலார் பேனலிடம் வாங்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

5. காற்று: சன்னல் திறக்கிறதா?

கோல்கொண்டேயில் சன்னல் கண்ணாடியே கிடையாது. சுவர் முழுக்கத் திருப்பி வைக்கும் படுக்கைப் பலகைகள். அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே சட்டங்கள் இடைவிட்டுச் செய்த தேக்குக் கதவுகள். மூடினாலும் காற்று போகும். ஒரு பக்கம் நுழைந்த காற்று எதிர்ப் பக்கம் வெளியேற வழி இருக்கிறது. காற்றோட்டத்தின் முழு ரகசியமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

நம் வகுப்பறைகளில் அது எங்கே அடைபடுகிறது என்று பாருங்கள். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள் என்று கட்டினால் காற்று குறுக்கே ஓடாது. இடமிருந்தால் ஒரு பக்கம் மட்டும் அறைகள், மறுபக்கம் திறந்த வராந்தா என்று கட்டுங்கள். வராந்தாப் பக்கச் சுவரிலும் கதவுக்கு மேலே வெண்டிலேட்டர் வையுங்கள்.

சன்னலின் வகையும் முக்கியம். யுபிவிசி ஸ்லைடிங் சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதிதான் திறக்கும். கதவு போலத் திறக்கும் சன்னல் ஏறத்தாழ முழுதும் திறக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காற்று. கொசுவலை போட்டால் காற்று இன்னும் குறையும். வலைக்குச் சன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கக் காற்று? இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், ஊரில் கேளுங்கள். சென்னையிலும் கடலூரிலும் கோடை நண்பகலை ஒட்டிக் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். அது தாமதமாகும் நாளில்தான் வெயில் கொல்லும். கோயம்புத்தூரில் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று. தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே தடுப்பதுதான் வேலை.

ஒரு எச்சரிக்கை. ஜெய்ப்பூரில் பேர்ல் அகாடமி கல்லூரிக் கட்டடம் புகழ்பெற்றது. ஜாலித் திரைக்குப் பின்னால் வகுப்பறைகள், அடித்தளத்தில் படிக்கிணறு போன்ற நீர்நிலை, அதைத் தொட்டு வரும் குளிர்ந்த காற்று. ராஜஸ்தானின் வறண்ட காற்றில் நீர் வேகமாக ஆவியாவதால் அது வேலை செய்கிறது. சென்னையின் புழுக்கத்தில் கட்டடத்துக்குக் கீழே குளம் வெட்டினால் கொசுதான் மிஞ்சும். ஜாலியை ஜெய்ப்பூரிடமிருந்து எடுங்கள், குளத்தை விடுங்கள்.

எவ்வளவு சூடு தாங்கும்? ஏசி இல்லாத கட்டடங்களில் இந்தியர்கள் எந்த வெப்பநிலையைச் சௌகரியமாக உணர்கிறார்கள் என்பதற்கு அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று ஒரு கணக்கை உருவாக்கியிருக்கிறார்கள். வெளிச் சராசரி வெப்பநிலையை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்ட வேண்டும். வெளிச் சராசரி 30 டிகிரி என்றால் விடை 29. அதற்கு மேலும் கீழும் சுமார் இரண்டு டிகிரி, அதாவது 27 முதல் 31 வரை, பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். கோட்டும் டையும் போட்ட ஊர்களுக்கு எழுதிய 22, 23 டிகிரி நமக்கு வேண்டியதில்லை.

6. வெளிச்சம்: சுவிட்சை எந்த வரிசையில் வைப்பது

வகுப்பறைக்கு 300 லக்ஸ் வெளிச்சம் போதும். நம் ஊரில் பகலில் அதைச் சூரியன் இலவசமாகக் கொடுக்கிறது. பக்கச் சன்னலின் வெளிச்சம், சன்னலின் மேல் விளிம்பு உயரத்தைப் போல இரண்டிலிருந்து இரண்டரை மடங்கு தூரம் உள்ளே போகும். அந்த மேல் விளிம்பு, அதாவது லிண்டல், வழக்கம்போல் ஏழடியில் இருந்தால் 14 முதல் 17 அடி வரைதான். 25 அடி அகல அறையில் மறுகோடி இருட்டாகிவிடும். எனவே லிண்டலை ஒன்பதடிக்கு உயர்த்துங்கள், அல்லது வராந்தாப் பக்கமும் உயரச் சன்னல் வையுங்கள். உட்கூரைக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் வேண்டாம்.

அடுத்தது மிகச் சின்ன விஷயம். கிட்டத்தட்ட எல்லாரும் தவறவிடுவது. எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் கரும்பலகையிலிருந்து பின்சுவர் நோக்கி லைட்டுகளை வரிசையாக்கி, முன்வரிசைக்கு ஒரு சுவிட்ச், பின்வரிசைக்கு ஒரு சுவிட்ச் என்று இழுத்துவிடுவார். ஒவ்வொரு சுவிட்சும் சன்னலோர லைட்டையும் உள்ளோர லைட்டையும் சேர்த்தே போடும். சன்னலுக்கு இணையாக வரிசை பிரித்தால், சன்னலோர வரிசையைப் பகல் முழுக்க அணைத்து வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. பைப் பதிக்கும் முன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

7. இயந்திரம்: மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள்

60 மாணவர் உட்காரும் வகுப்பறைக்கு ஏஐசிடிஇ விதிப்படி 66 சதுர மீட்டர். அதில் ஆறு மின்விசிறிகள் என்று வையுங்கள். பழைய வகை ஒன்று 75 வாட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி வகை சுமார் 30 வாட். ஓர் அறைக்கு 270 வாட் மிச்சம். நாளுக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் ஓடினால் 432 யூனிட். முப்பது வகுப்பறைக்கு ஏறத்தாழ 13,000 யூனிட்.

ஏசி தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு: சர்வர் அறை, சில ஆய்வுக்கூடங்கள், கணினி லேப், அரங்கம். இவற்றைக் கட்டடமெங்கும் சிதறவிடாமல் ஒரே பகுதியில் அடுக்குங்கள். மேல்மாடியும் மேற்கு ஓரமும் வேண்டாம். அந்தப் பகுதிச் சுவருக்கு ஏஏசி பிளாக் அல்லது காற்றிடைவெளி உள்ள ராட்-ட்ராப் பாண்டு செங்கல் கட்டு பொருந்தும். பின்னதில் செங்கல்லும் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும். ஏசி இல்லாத அறைகளுக்குச் சுவர்ப் பொருளைவிட நிழலும் காற்றும்தான் முக்கியம். அங்கே விலையுயர்ந்த பிளாக்குக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

ஏசி எத்தனை டன் என்று முடிவு செய்யும் முன் உள்ளே உருவாகும் சூட்டைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 60 பேர் என்றால் 6 கிலோவாட். கணினி லேபில் ஒரு டெஸ்க்டாப் 120 வாட் என்று வைத்தால் 60 டெஸ்க்டாப்பில் இன்னும் 7 கிலோவாட். அதை வெளியேற்ற மட்டும் இரண்டு டன். டெஸ்க்டாப்புக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னக் கணினிகளை வாங்கினால் கணினிக்கும் மிச்சம், ஏசிக்கும் மிச்சம்.

ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. ஏசி அறையிலும் மின்விசிறி மாட்டி, 26-இல் வைத்துப் பாருங்கள். விசிறிக் காற்று உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைவாகத் தெரியும். ரிமோட்டை 18-க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிராது. நேரம் கழித்து அளவுக்கு மீறிக் குளிரும்.

8. சோலார்: கடைசி வரி

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம். ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். நம் ஊரில் அது நாளுக்கு நான்கு யூனிட் தரும்.

நான் பார்த்த அந்த மேற்கு வகுப்பறையை எடுங்கள். இரண்டு டன் ஏசி இரண்டு, எட்டு மணி நேரம், நடுவில் நின்று நின்று ஓடுவதைக் கழித்தாலும் நாளுக்குச் சுமார் 24 யூனிட். அதற்கு 6 கிலோவாட் சோலார், 60 சதுர மீட்டர் கூரை. வகுப்பறையின் பரப்பே 66 சதுர மீட்டர்தான். அதாவது ஓர் அறையின் ஏசிக்கே அந்த அறையின் கூரை முழுதும் தேவை. கட்டடம் நான்கு மாடி. ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு வகுப்பறைகளுக்கும் அந்த ஒரே கூரைதான். கணக்கு உதைக்கிறது.

பழைய பிளாக் மாதிரி கட்டிய அறையைப் பாருங்கள். ஆறு பிஎல்டிசி விசிறி, எட்டு எல்இடி டியூப். எல்லாம் நாள் முழுக்க ஓடினாலும் மூன்று யூனிட்டுக்குள். நான்கு மாடிக்கும் சேர்த்து 30 சதுர மீட்டர் பேனல் போதும். கூரையில் பாதிக்கு மேல் மிச்சம். லேபுக்கும் லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அங்கிருந்து எடுக்கலாம்.

சோலாரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தேவையைக் குறைத்த கட்டடத்தில்தான் சோலாரால் முழு வேலையும் பார்க்க முடியும். பேனலை ஆளுயரச் சட்டத்தில் தூக்கி மாட்டினால் நான்காம் பகுதியில் சொன்ன இரண்டாம் கூரையும் கிடைக்கிறது. காற்றழுத்தத்துக்கு ஏற்ற சட்டமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

9. ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா?

திசையை மாற்ற முடியாது, மற்றவற்றைச் சரிசெய்யலாம். இந்த வரிசையில் செய்யுங்கள்: மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு; மேற்குக் கண்ணாடிக்கு வெளியே ஜாலி அல்லது பலகைத் தடுப்பு; சுவிட்ச் வரிசை மாற்றம்; விசிறிகளும் லைட்டுகளும்; பிறகு ஏசி. மேற்கு ஓர வகுப்பறையை ஸ்டோராக்கி, ஸ்டோரை வகுப்பறையாக்க முடியுமா என்று கால அட்டவணை போடுபவரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் அந்த அறைக்கு மதிய வகுப்புகளைக் குறையுங்கள். காலையில் அது நல்ல அறை. ஒவ்வொரு மாடிக்கும் படிக்கட்டருகே ஒரு மாஸ்டர் சுவிட்ச் வைத்தால் மாலையில் வாட்ச்மேன் ஒரே கைவீச்சில் அணைத்துவிடுவார்.

10. டெண்டருக்கு முன் கேட்க வேண்டியவை

கட்டடக் குழுவில் நீங்கள் இருந்தால் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட சுவர்கள் வடக்கு, தெற்கு பார்க்கின்றனவா? மேற்கு ஓரத்தில் என்ன இருக்கிறது? ஒவ்வொரு திசைச் சன்னலுக்கும் சன்ஷேடு நீளம் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டதா, எல்லாவற்றுக்கும் இரண்டடியா? சன்னல் எத்தனை சதவீதம் திறக்கும்? எதிர்ச் சுவரில் காற்று வெளியேற வழி உண்டா? கூரைக்கு என்ன பாதுகாப்பு? லைட் வரிசை சன்னலுக்கு இணையா? ஏசி அறைகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா? சப்-மீட்டர் எத்தனை? சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

இன்னொன்று. பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது சன்ஷேடும் ஜாலியும்தான். “அழகு வேலை” என்ற தலைப்பில் எழுதியிருப்பார்கள். கண்ணாடி முகப்பு மட்டும் தப்பித்துவிடும். எனவே நிழல் தரும் எல்லாவற்றையும் டெண்டரில் கட்டுமான வேலையின்கீழ் சேர்க்கச் சொல்லுங்கள். தூணை யாரும் வெட்டமாட்டார்கள். சன்ஷேடும் அந்த வரிசையில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆர்க்கிடெக்ட் வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரிக்கும் நாளில், ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வளாகத்தில் இருக்கும் கட்டடங்களிலேயே புதியதற்குப் போங்கள். மேல்மாடி, மேற்கு ஓர அறை, மதியம் மூன்றரை மணி. ஏசியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் மாணவர் பெஞ்சில் உட்காருங்கள். பிறகு வரைபடத்தைப் பாருங்கள்.